எசக்கி ரீடிங்

அக்டோபர் 6, திங்கள்

ப்ரிசில்லா மேடம் இன்று எனக்கு ஒரு புது நோட்டு கொடுத்தார். "பரீட்ச முடியுற வரைக்கும் தெனமும் இதுல எழுது எசக்கி. கண்ணால பாத்தத மட்டும் எழுது. பாக்காதத எழுதாத. நான் வாங்கிப் படிக்க மாட்டேன். உனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு, அதுக்குத்தான்" என்றார்.

விட்டுப்போகவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் எப்போதுமே இருந்ததில்லை. இதை மேடத்திடம் சொல்ல முடியுமா? "சரிங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நான் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் மூன்றாம் வருடம். போன வருடம் நொதியியல் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டேன். தியரியில் தோற்றால் ஊரோடு சேர்ந்து தோற்றோம் என்று ஓர் ஆறுதல் உண்டு. செய்முறையில் தோற்றவள் எங்கள் கல்லூரியில் பத்து வருடத்தில் நான் ஒருத்திதானாம். அந்த அரியர் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். இந்த மாதம் விட்டால் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது. வீட்டுக்கு இது தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

இன்று கண்ணால் பார்த்தது: மேடத்தின் முகம். நன்றாக இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒன்றும் பார்க்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று முதல் இரண்டாம் வருடப் பிள்ளைகளோடு லேபில் பயிற்சி. அவர்கள் பத்தொன்பது பேர், நான் ஒருத்தி. கூனிக்குறுகி உள்ளே போனால், அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள்! நஸ்ரின் என்கிற பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"யக்கா, எசக்கி ரீடிங் எசக்கி நீங்கதானா?"

நான்தான். பெருமையாக இருந்தது. பெருமைப்படக் கூடாது என்று தெரியும்.

எசக்கி ரீடிங் என்றால் என்ன என்று எழுதிவைக்கிறேன். நம் எச்சிலில் அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அது இதன் வேலை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. மாவு அதிகமாக ஆக இதன் வேகமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு மாவு கொட்டினாலும் வேகம் கூடாது. அந்த உச்ச வேகத்துக்குப் பெயர் வி மேக்ஸ். அதில் பாதி வேகத்தை எட்ட எவ்வளவு மாவு வேண்டுமோ, அது கே.எம். ஐந்து குழாயில் வெவ்வேறு அளவு மாவு எடுத்து, எச்சில் ஊற்றி, எவ்வளவு சர்க்கரை வந்தது என்று நிறத்தை வைத்து அளந்து, கிராஃப் போட்டு இந்தக் கே.எம்.மைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மணி நேர வேலை.

போன வருடம் நான் அதைப் பின்பக்கமாகச் செய்தேன். முதலில் கே.எம். 2.4 என்று வைத்துக்கொண்டேன். ஏன் 2.4 என்றால், நான் ஏறும் பஸ் இருபத்துநாலாம் நம்பர். அதிலிருந்து கணக்குப் போட்டு ஐந்து ரீடிங்கையும் வரவழைத்தேன். ரொம்ப அழகாக வந்தால் சந்தேகம் வருமே என்று மூன்றாவது புள்ளியை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கிவைத்தேன். வகுப்பே காப்பியடித்தது. யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டு, அது எந்தெந்தக் கல்லூரிக்கோ போய்விட்டது.

எல்லாரும் பாஸ். நான் மட்டும் தண்ணீர்த் தொட்டி சூடாவதற்கு முன்பே கிராஃப் போட்டு முடித்துவிட்டேன். வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த எக்ஸ்டெர்னல் அம்மா என் பின்னால் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சங்கரன்கோவில் பெரியப்பா வீட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். காலையில் தோசை. நான் அடுக்களையிலேயே நின்று அம்மாவின் வேகத்தை அளந்தேன். இரண்டு பேர் உட்கார்ந்தபோது மணிக்குப் பதினாறு தோசை. நான்கு பேருக்கு இருபத்துமூன்று. எட்டுப் பேருக்கு இருபத்தொன்பது. பன்னிரண்டு பேருக்கு முப்பத்திரண்டு. அதற்கு மேல் பெரியப்பா எவ்வளவு கத்தினாலும் ஏறவில்லை. இந்த வேகத்தில் ஊரையே உட்காரவைத்தாலும் நாற்பதைத் தாண்டாது. ஆக அம்மாவின் வி மேக்ஸ் நாற்பது, கே.எம். மூன்று பேர். கிராஃப் அருமையாக வந்தது. நொதியும் அம்மாவும் ஒன்றுதான் என்று எனக்கு இன்று நன்றாகப் புரிந்தது.

அம்மா எட்டிப்பார்த்து, "என்னட்டி எழுதிட்டே இருக்க?" என்றாள். "பாடம்" என்றேன். நோட்டை ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன். அங்கே யாருக்கும் எட்டாது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று எனக்கு ஒரு கௌரவம்.

தேர்வன்று இருபது பேரும் அவரவர் எச்சிலை எடுத்தால் இருபது விதமாக வரும், திருத்துகிறவருக்குக் கஷ்டம். அதனால் ஒருத்தியின் எச்சிலை மட்டும் காலையிலேயே வாங்கி, உப்புத் தண்ணீரில் கலந்து எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது எங்கள் துறை வழக்கம். யாருடையது வீரியமானது என்று இன்று பந்தயம் வைத்தார்கள். மாவில் அயோடின் விட்டால் நீலம். எச்சில் மாவைத் தின்றுவிட்டால் நீலம் போய்விடும். நஸ்ரினுக்கு ஒன்பது நிமிடம். இன்னொருத்திக்குப் பதினாலு. எனக்கு மூன்றே நிமிடம்!

லேப் அட்டெண்டர் பேச்சியம்மாள் அக்கா கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எம்மா, ஒன் வாயி வாயில்ல, ஆலைட்டி" என்றாள். படிப்பில் வராத பெயர் எச்சிலில் வந்தது.

மேடம் விதிமுறை சொன்னார். தேர்வன்று காலை காப்பி கூடாது, எதுவும் தின்னக் கூடாது, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும், தானாக ஊறுவதைக் கொடுக்க வேண்டும். அரை டீ கிளாஸ் வேண்டுமாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. குளுக்கோஸ் உடைகிற பத்துப் படிகளையும் படிக்கு ஒரு முறுக்கு என்று வைத்து மனப்பாடம் செய்தேன். நாலாவது படி வரை ஞாபகம் இருக்கிறது. முறுக்கு தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

நாளைக்குத் தேர்வு.

ஒத்திகைக்காகச் சாயங்காலம் டீ கிளாஸை வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் துப்பியும் அடியே மறையவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. துணி எடுக்க வந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"என்னட்டி செய்யுத?"

"காலேஜுக்கு எச்சி வேணும்மா. அரை கிளாஸு."

அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளிடம் நல்ல குணம், எதையும் துருவ மாட்டாள். அடுத்த வீட்டுக் காம்பவுண்டுக்குப் போய் ஏழெட்டுப் பச்சைப் புளியங்காய் பறித்துவந்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் ஒரு பொட்டலத்தில் கட்டி, என் பையில் போட்டாள்.

"இதக் கடி. தானா ஊறும்."

தங்கமான யோசனை. மேடம் தின்னக் கூடாது என்றுதான் சொன்னார். நான் தின்னப்போவதில்லை, கடித்துத் துப்பப்போகிறேன். துப்புவதைத்தானே கேட்கிறார்கள்?

அமைலேஸுக்குப் பிடித்த பி.எச். 6.8. புளிப்பு கூடினால் செத்துவிடும். இதை மட்டும் இருபது தடவை எழுதிப் பார்த்தேன். நாளைக்குக் கட்டாயம் கேட்பார்கள்.

அக்டோபர் 29, புதன், காலை

வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டு மணிக்கே கொடுத்துவிட்டேன். மூன்று காய் கடித்தேன். அரை கிளாஸ் கேட்டார்கள், முக்கால் கிளாஸ் கொடுத்தேன். பேச்சியம்மாள் அக்கா பஞ்சில் வடிகட்டிக்கொண்டே, "ஏ யப்பா, தாமிரபரணில்லா!" என்றாள். ஐஸ் இன்னும் வரவில்லை, மேசை மேல் வைத்திருக்கிறாள். பத்து மணிக்குத் தேர்வு. எல்லாம் நல்லபடியாகப் போகிறது.

அக்டோபர் 29, புதன், மாலை

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எக்ஸ்டெர்னல் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். பெயர் ஞானசிகாமணி. ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம். பத்து மணிக்கு ஆளுக்கொரு குடுவையில் நொதி வந்தது, அதாவது நான் வந்தேன். ஐந்து குழாயில் மாவு, புளிப்பு ஏறாமல் பிடித்துவைக்கும் பஃபர் கரைசல், என் எச்சில். பத்து நிமிடம். அப்புறம் மஞ்சள் நிற டி.என்.எஸ். கரைசல் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் மஞ்சள் செங்கல் நிறமாகும். கூடுதல் சர்க்கரைக்குக் கூடுதல் சிவப்பு.

இந்தத் தடவை நான் ஒழுங்காகவே செய்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஐந்து நிமிடம் கொதித்ததும் குழாய்களை எடுத்தேன்.

மஞ்சள். ஐந்தும் பளபளவென்று மஞ்சள்.

கொதி போதவில்லை என்று மறுபடி வைத்தேன். மறுபடியும் மஞ்சள். பக்கத்தில் நஸ்ரினைப் பார்த்தேன். அவள் குழாய்களும் மஞ்சள். அவளோ நாக்கைக் கடித்துக்கொண்டு, வளைவு பிசகாமல் கிராஃப் வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன். இருபது ஸ்டாண்டிலும் மஞ்சள். பத்தொன்பது தாளிலும் என்னுடைய கிராஃப், மூன்றாவது புள்ளி கொஞ்சம் கீழே.

நானும் மூன்று ரீடிங் எழுதிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், கை தானாக எழுதியது. நாலாவதை எழுதப்போகும்போது நிறுத்தினேன். மனசாட்சி என்று ப்ரிசில்லா மேடம் நினைத்துக்கொள்வார். அதெல்லாம் இல்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். யாரும் இல்லை. பயத்தில் பல்லைக் கடித்தேன். பல் கூசியது.

பல் ஏன் கூசுகிறது?

புளியங்காய்.

இரண்டு மணி நேரம் புளியில் ஊறி அத்தனை அமைலேஸும் செத்துவிட்டது. பஃபர் ஊற்றினோமே என்றால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். இருபது தடவை எழுதிப் பார்த்தது நேற்றுதான், கடித்தது இன்றுதான், இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதோடு இன்னும் பத்தொன்பது பேரையும் கெடுத்திருக்கிறேன்.

2.4 என்று எழுதினால் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பிக்கலாம். மஞ்சள் என்று எழுதினால் பிள்ளைகள் அத்தனையும் மாட்டும், நானும் மறுபடி தோற்பேன், எம்.எஸ்ஸி. போச்சு. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்த மஞ்சளைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு குழாயை நிஜமாகப் பார்க்கிறேன், அதிலும் ஒன்றுமே இல்லை!

மூன்று ரீடிங்கையும் அடித்தேன். "ஐந்து குழாயிலும் மஞ்சள். நொதி வேலை செய்யவில்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகு அழுகை வந்தது.

சார் பத்தொன்பது தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். பக்கத்தில் ப்ரிசில்லா மேடம்.

"எல்லாருக்கும் 2.4. ஒனக்கு மட்டும் பூஜ்யம். ஏன் மக்களே?"

"சார், எல்லாருக்கும் பூஜ்யந்தான் சார்."

சார் நிமிர்ந்து இருபது ஸ்டாண்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப இந்த 2.4?"

"அது நான் ஏறுத பஸ்ஸு சார். இருபத்துநாலு."

"மூணாவது புள்ளி கீழ இருக்கே?"

"நெசம் மாரி இருக்கட்டும்னு நாந்தான் சார் எறக்கி வச்சேன்."

சார் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். "எங்க காலேஜ்லயும் 2.4 தான் வருது. போன எடத்துல எல்லாம் 2.4. தாமிரபரணித் தண்ணி குடிக்கவங்களுக்கு அப்பிடித்தான் போலன்னு ஒரு கட்டுரைக்குக் குறிப்பே எடுத்து வச்சிருக்கேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புளியங்காய்க் கதையைச் சொன்னேன். ப்ரிசில்லா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். சார் நம்பவில்லை. "காட்டு" என்றார். மீதமிருந்த எச்சிலில் பி.எச். தாளை நனைத்துக் காட்டினேன், சிவந்துவிட்டது. அப்புறம் நாலு தடவை வாயைக் கொப்பளித்து, அவர் கண் முன்னாலேயே ஒரு குழாயில் துப்பி, மாவில் ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விட்டேன். ஒரு பெரிய மனுஷர் முன்னால் துப்புவதற்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று துப்பியவர்களுக்குத்தான் தெரியும். ஒன்று, நீலம். இரண்டு, நீலம். மூன்று, போய்விட்டது!

"சரி, எல்லாரும் முதல்ல இருந்து செய்யுங்க. ஒன்றரை மணி நேரம். பாத்தத எழுதாதவளுக்கு நான் மார்க் போட மாட்டேன்" என்றார் சார்.

அப்போதுதான் இன்னொரு வினை. இருபது பேருக்கு மறுபடி என் எச்சில் வேண்டும். என் வாயோ பாலைவனம். துப்பு துப்பு என்றால் எங்கிருந்து வரும்? பேச்சியம்மாள் அக்காதான் என் பையிலிருந்த மிச்சப் புளியங்காய்களை எடுத்து உடைத்தாள். நான் கைநீட்டினேன். கையில் ஓர் அடி விழுந்தது.

"நீ தொடாத. அவளுவ வெளிய நின்னு திங்கட்டும். நீ பாரு."

பத்தொன்பது பிள்ளைகளும் வராந்தாவில் வரிசையாக நின்று, மிளகாய்ப் பொடி தொட்டு, கண்ணைச் சுருக்கி, உச்சுக்கொட்டித் தின்றார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கிளாஸோடு உட்கார்ந்து பார்த்தேன். நஸ்ரின் ஒரு துண்டை நக்கி, "ஸ்ஸ்ஆ... யக்கா!" என்று தலையைச் சிலுப்பியபோது எனக்கு வாயெல்லாம் ஆறு. இருபது நிமிடத்தில் அரை கிளாஸ்.

இந்தத் தடவை மஞ்சள் சிவந்தது. முதல் குழாயில் இளஞ்சிவப்பு, கடைசியில் செங்கல். என் கே.எம். 3.1. புள்ளிகள் கோணல்மாணல்தான். நஸ்ரினுக்கு 2.9. ஒருத்திக்கு 4.0. 2.4 வரவில்லையே என்று ஒரு பிள்ளை தேம்பித்தேம்பி அழுதது.

அக்டோபர் 30, வியாழன்

பல் இன்னும் கூசுகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

பாஸ். அறுபத்தொன்று. பத்தொன்பது பிள்ளைகளும் பாஸ்.

போனை அணைத்து அணைத்துத் திறந்து நாலு தடவை பார்த்தேன். கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? தோற்றதையே சொல்லாதபோது ஜெயித்ததை எப்படிச் சொல்வது? கொல்லைக்குப் போய் அடுத்த வீட்டுப் புளியமரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அம்மா கேசரி கிண்டியிருந்தாள், முந்திரிப்பருப்பெல்லாம் போட்டு. எதற்கு என்றேன். "சும்மாத்தான்" என்றாள். ரவையில் வண்டு விழுமுன் தீர்க்கிறாள் போல.

நஸ்ரின் போன் பண்ணினாள். முதல் வருடப் பிள்ளைகள் இப்போதே 3.1 ரீடிங்கைக் கேட்கிறார்களாம். கொடுத்தால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். இனி எழுத ஒன்றுமில்லை. இந்த நோட்டு முடிந்தது.

டிசம்பர் 24, புதன் காலைல

நோட்டு முடியல. அம்மா எழுதுதேன்.

நீ தூங்குத. ஃப்ரிட்ஜ் மேல வச்சா எனக்கு எட்டாதுன்னு நெனச்சியாக்கும். ஃப்ரிட்ஜத் தொடைக்கது யாரு? மொத நாள்ல இருந்து படிச்சிட்டுதான் இருக்கேன். நீ ஃபெயிலுங்கது அதுக்கும் முந்தியே தெரியும். போன வருசம் பரீட்ச முடிஞ்சு வந்து மூணு நாளு ஒழுங்கா சோறு திங்கல. அது தெரியாம நான் என்ன அம்மா. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அப்பாட்டயும் சொல்லல.

புளியங்கா குடுத்தது நானு. அன்னைக்கி ராத்திரி படிச்சதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எம்பிள்ள படிப்ப நானே கெடுத்திருப்பேனே. நீ ஒரு வார்த்த என்னயக் குத்தம் சொல்லி எழுதல. அத நாலு தடவ படிச்சேன்.

ஆனா ஒண்ணு. அக்டோபர் 12 எழுதுனது பூராம் பொய்யி. நீ அன்னைக்கி அடுக்களப் பக்கமே வரல. கதவச் சாத்திட்டுத் தூங்குன. பெரியப்பா கத்துனது தோசைக்கு இல்ல, ஒன்ன எழுப்பக் கத்துனாரு. மணிக்கு முப்பத்திரண்டாம்! மானத்த வாங்குற. எட்டுப் பேரு உக்காந்ததும் நான் ரெண்டாவது கல்லையும் அடுப்புல போட்டேன். அதுக்கப்புறம் மணிக்கு அம்பத்தாறு ஊத்துனேன். எண்ணித்தான் சொல்லுதேன். நடுவுல கேஸு தீந்து கால் மணி நேரம் நின்னுச்சு. அது உன் கிராஃப்புல எங்க இருக்கு?

ரெண்டு கல்லு போட்டா உன் வி மேக்ஸு என்ன ஆவும்? எனக்குத் தெரியல. எந்திரிச்சதும் வா, தோசதான் ஊத்துதேன். பக்கத்துல நின்னு பாத்து எழுது.